படித்துக் காட்டக் கேட்டு

திருச்சிராப்பள்ளி மாநகரம், உறையூர், பாண்டமங்கலத்தில் மகன் வீட்டின் இரண்டாம் மாடியில் வசித்துவரும், காலஞ்சென்ற மருதமுத்து அவர்களின் தலைமகன் சிங்காரவேலு ஆகிய நான், வயது எழுபத்து நான்கு நிறைந்து ஐந்து திங்கள் ஆனவன், மாவட்ட நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பெயர் கூப்பிடும் டவாலியாக நின்று ஓய்வு பெற்றவன், நல்ல நினைவோடும் தெளிந்த அறிவோடும், எவருடைய தூண்டுதலும் இன்றி, எலுமிச்சை மணம் பூசிய உப்புத் தண்ணீரின் மூன்றாம் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கழிவறைக் கதவுக்கு நேர் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். எதைச் சொல்வதானாலும் முதலில் ஊர், பிறகு தகப்பன் பெயர், பிறகு தன் பெயர், பிறகு வயது. கூண்டில் ஏறுகிறவன் கொலை செய்தவனானாலும் கோழி திருடியவனானாலும் இந்த நான்கையும் சொன்ன பிறகுதான் மற்றது. உடம்புக்கு அந்த ஒழுங்கு தெரியவில்லை. ‘தலைமகன்’ என்ற இடத்தில் அடிவயிறு ஒருமுறை புரண்டது; ‘தெளிந்த அறிவோடும்’ என்பதை மனத்துக்குள் முடிப்பதற்குள் குவளையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தோட வேண்டியதாயிற்று. கதவைச் சாத்தக்கூட நேரமில்லை. நீதிபதி வருகிறார் என்று நான் ஒரு குரல் கொடுத்தால் எழுந்து நின்ற ஊர் இது. அந்த ஊரில், காலை ஏழே முக்கால் மணிக்கு, வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வெளியே நாற்காலியின் மேல் கைப்பேசி என்னை விசாரித்துக்கொண்டிருக்கிறது: “ஐயா, மூன்றாம் குவளையை அருந்திவிட்டீர்களா?”

அந்தக் குரலுக்கு இளவேனில் என்று பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவமனைக்காரர்கள் ஏற்படுத்தியது, ஆளில்லை, செயற்கை நுண்ணறிவு. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு நோயாளியை ஆயத்தம் செய்வது அதன் வேலை. நான் அதை அந்தப் பெயரால் அழைத்ததில்லை. அது என்றே சொல்லி வந்தேன். ஏழு நாளைக்கு முன் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னது. மூன்று நாளைக்கு முன் கீரையை, கொய்யாவை, விதையுள்ள கத்தரிக்காயை நிறுத்தச் சொன்னது. நேற்று முழுக்கக் கஞ்சித் தெளிவும் இளநீரும் வடிகட்டிய மோரும் என்று நான் சொன்னபோது, மோர் கூடாது ஐயா, பால் சார்ந்தது குடலில் படியும் என்று திருத்தியது. கோபமே இல்லாமல் திருத்தியது. அதுதான் என்னை எரித்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் என்னை ஐயா என்று அழைத்தவர்கள் சிலர். எவரும் ஒரு நாளில் நாற்பது முறை அழைத்ததில்லை. அதன் தமிழ்தான் எனக்கு வேறு வகையில் உறுத்தியது. ‘அருந்திவிட்டீர்களா’, ‘தெரிவித்தமைக்கு நன்றி’, ‘ஐயம் ஏதேனும் இருப்பின்’. எந்தத் தெருவிலும் எந்தத் தாயும் பேசாத தமிழ். முதல் நாள் கேட்டபோது இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது, இரண்டாம் நாள் தெரிந்தது: இது நான் பேசும் தமிழ். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவன் நான். தட்டச்சர் கழித்துப் போட்ட தீர்ப்புத் தாள்களையும், பலகாரம் கட்டி வந்த செய்தித்தாள்களையும், தவணையில் வாங்கிய அகராதியையும் படித்துப் படித்துக் கட்டிக்கொண்ட தமிழ். அதுவும் என்னைப் போலவே அச்சைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு எத்தனை நாள் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மரியாதையாகச் சொல்லியிருக்கும்.

“மாமா, அங்க என்ன சத்தத்தையே காணோம்? குடிச்சீங்களா, இல்ல செடிக்கு ஊத்திட்டீங்களா?” என்று அடுப்படியிலிருந்து மருமகள் வான்மதி குரல் கொடுத்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, எனக்காக விடுப்பு எடுத்திருந்தாள், ஆனால் குரல் விடுப்பு எடுக்கவில்லை. மகன் மஸ்கட்டில் இருக்கிறான். “குடிக்கிறேன்மா, கொஞ்சம் பொறு” என்றேன். “இது கோர்ட்டு இல்ல மாமா, வாய்தா எல்லாம் கிடையாது. நேரத்துக்குக் குடிச்சாகணும். நீங்க குடிக்கலைன்னா அது எனக்கு மெசேஜ் அனுப்பும்.” “அது உனக்கு வேறு கோள் சொல்லுமா?” “சொல்லும். உங்களுக்கு அது ஒண்ணுதான் சரியான ஆளு” என்று சிரித்தாள். நானும் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டு குடித்தேன். ஐப்பசி முதல் வாரத்தில், துவைக்கப் போட்ட, இரத்தக் கறை பட்ட என் வேட்டியைத் தனியே எடுத்துக்கொண்டு வந்து, என் முகத்தைப் பாராமல் சுவரைப் பார்த்தபடி “எத்தனை நாளா மாமா?” என்று கேட்டவள் இவள்தான். அன்று என் வாயிலிருந்து ஒரு பதில் வந்தது. யோசித்து வரவில்லை, தானாக வந்தது. “ஒன்றுமில்லை அம்மா, வெறும் மூலம்.” சொல்லி முடித்ததும் என் காதில் என் குரலே பழைய குரலாகக் கேட்டது. அதே இரண்டு சொல். அதே அலட்சியம். பத்தொன்பது ஆண்டுகள் பெட்டியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டது போல உடம்போடு ஒட்டிக்கொண்டது.

நான்காம் குவளை. உப்பு நாக்கின் அடியில் போய் நின்றுகொள்கிறது. அது சொன்ன உபாயம், குளிர வைத்து உறிஞ்சுகுழல் வழியாக நாக்கின் பின்பக்கமாக இழுத்தால் சுவை தெரியாது என்பது, உண்மையாகவே பலித்தது என்பதை நான் அதனிடம் ஒப்புக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அது என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட கேள்விகளையும் நான் மறந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். சர்க்கரை உண்டா, உண்டு. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, இல்லை. பல் கட்டியிருக்கிறீர்களா, மேல் வரிசை. உங்கள் இரத்த உறவினர் எவருக்கேனும் குடல் புற்றுநோய் இருந்ததுண்டா. இல்லை. இடைவெளியே விடாமல் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், விளக்காதே, தயங்காதே, தயங்கினால் எதிர்த் தரப்பு மோந்து பார்க்கும் என்று வழக்கறிஞர்கள் தங்கள் சாட்சிகளுக்கு வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதை ஆயிரம் முறை கேட்டவனுக்கு இது கைவந்த கலை. அது மோந்து பார்க்கவில்லை. ‘குறித்துக்கொண்டேன், ஐயா’ என்றது. அவ்வளவுதான். ஆனால் ஒன்று: இந்தக் கேள்வியை இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் மனிதர் எவரும் என்னிடம் கேட்டதில்லை. மனைவி கேட்கவில்லை. மகன் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குச் சொல்லாத பதில் பொய்யாகாது என்றே நான் படுத்து எழுந்துகொண்டிருந்தேன். கேட்டது ஓர் எந்திரம். அதற்கு நான் சொன்னதுதான் என் முதல் வாய்ப் பொய் என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. முதல் பொய் அதற்கு முன்பே உண்டு.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், தஞ்சாவூரில் ஓர் ஆசுபத்திரியின் தாழ்வாரம். பச்சைச் சாயம் இடுப்பளவு. என் தம்பி கோவிந்தராசு உள்ளே பெஞ்சில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு. டாக்டர் வெளியே வந்து, “கூட வந்தது யாரு? நீங்க அண்ணனா? இப்படி வாங்க” என்றார். இப்படி வாங்க என்றால் அப்படி இருக்கிறவனுக்குக் கேட்கக் கூடாது என்று பொருள். நம் ஊரில் நோய் ஒருவனுக்கு வரும். அதன் பெயர் இன்னொருவனிடம் சொல்லப்படும். பெருங்குடலில் கேன்சர், முற்றிவிட்டது, வெட்டி எடுத்தால் ஒரு வருடம் தாங்கலாம், விட்டால் ஆறு மாதம், நீங்கள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள் என்று காகிதத்தை என் கையில் கொடுத்தார். வீட்டில் பேசுவதற்கு என்ன இருந்தது? தம்பி மகள் மலர்க்கொடிக்குத் துறையூரில் இடம் பேசி, தை மாதம் முகூர்த்தம் குறித்தாயிற்று. அப்பனுக்குக் கேன்சர் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் வரும் என்பார்கள், குலத்தில் நோய் என்பார்கள், பரிசத் தட்டு திரும்பி வரும். பெண்ணுக்கும் வரும் என்பதை அன்று நான் மூடர்களின் வம்புப் பேச்சு என்றே நினைத்தேன். மூடர்கள் சொன்னதும் மருத்துவர்கள் சொல்வதும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. தம்பி எழுந்து வந்து, “என்னண்ணே சொன்னாரு?” என்றான். “வெறும் மூலம்டா. கொஞ்சம் முத்தியிருக்கு, பத்தியமா இருக்கணும்” என்றேன். அவன் முகம் விரிந்ததைப் பார்த்தேன். நான் கொடுத்த முகம் அது என்று பெருமையாக இருந்தது. திரும்பும் பேருந்தில் அவன் என் தோளில் சாய்ந்து தூங்க, செங்கிப்பட்டிக்கும் துவாக்குடிக்கும் இடையில் அந்தக் காகிதத்தை எட்டாகக் கிழித்துச் சன்னலுக்கு வெளியே விட்டேன். ஆவணத்தை அழிப்பது குற்றம் என்று அறிந்தவன்தான். அறிந்தே செய்தேன். குடும்பத்தைக் காத்தேன் என்று நினைத்தேன்.

நான்கு மாதம் துத்திக் கீரை. மூலத்துக்குத் துத்தி என்று யாரோ சொல்ல, நாள் தவறாமல் சின்ன வெங்காயம் போட்டு வதக்கிக் கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தின்றான். “அண்ணே, கீரை வேலை செய்யுது, இன்னைக்கு வலி கம்மி” என்பான். நானும் “ஆமாம், முகம் தெளிஞ்சிருக்கு” என்பேன். எலும்பு தெரிந்தது, முகம் எங்கே தெளிந்தது. மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம், வீட்டில் எல்லாரும் பத்திரிகை வைக்கப் போயிருந்தபோது, அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நெசமாவே மூலந்தானா?” என்று கேட்டான். சாட்சிகளுக்கு உறுதிமொழி சொல்லிக்கொடுப்பதும் என் வேலையாக இருந்தது. கடவுளறிய நான் சொல்வதெல்லாம் உண்மை என்று ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொல்லக் கேட்டவன். “சத்தியமாடா” என்றேன். அவன் கையை எடுத்துக்கொண்டான். நம்பினானா, நம்பியதாக என்னிடம் காட்டினானா? இந்த இடத்துக்கு வந்தால் என் எண்ணம் செக்கு மாடு. சுற்றிச் சுற்றி அந்த மணிக்கட்டுக்கே வருகிறது. தை ஒன்பதாம் நாள் தாலி ஏறியது. மாசி நான்காம் நாள் அவன் போனான். அவன் மனைவி, நான்கு ஆண்டுக்கு முன் காலமானவள், கடைசி வரை மூலத்தால் செத்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் மூலத்தால் சாவார்களா என்று கேட்கவில்லை. இது என் சாமர்த்தியம் என்று அப்போது நினைத்தேன்.

ஐந்து. ஆறு. எண்ணிக்கை மட்டும் நடந்தது. ஆறாம் குவளையின் பாதியில் கைப்பேசி வேறு சத்தம் போட்டது. அழைத்தது அதுவன்று; மலர்க்கொடி. “பெரியப்பா! என்ன பெரியப்பா, காவேரி திறந்து விட்டாச்சா?” “திறந்தாயிற்று அம்மா.” “அண்ணி சொன்னா, காலைலேருந்து நீங்க சேர்ல உட்கார்ந்த நேரத்தவிட எந்திரிச்சு ஓடின நேரந்தான் அதிகமாம். பயப்படாதீங்க பெரியப்பா. மயக்க ஊசி போட்டுருவாங்க, ஒண்ணும் தெரியாது. நீங்க பாக்காத கோர்ட்டா, கேஸா.” அவள் பேச்சு எப்போதும் இப்படித்தான். என் மகன் வாரத்துக்கு ஒருமுறை மஸ்கட்டிலிருந்து உடம்பை விசாரிப்பான். இவள் நாளைக்கு ஒருமுறை துறையூரிலிருந்து என்னையே விசாரிப்பாள். நாற்பத்து மூன்று வயது. அப்பனின் நெற்றி. “நீ எப்படிம்மா இருக்கே?” என்று கேட்டது வெறும் வழக்கத்தால். “எனக்கென்ன பெரியப்பா. நம்ம வம்சத்துச் சொத்து எனக்கும் வந்துருச்சு. ரெண்டு மாசமா வெளிக்கிப் போனா ரத்தமா வருது. அப்பாவுக்கு இருந்த அதே மூலம். அவரு வயிறு அப்படியே எனக்கு. துத்திக் கீரைதான் வதக்கித் தின்னுக்கிட்டிருக்கேன். அப்பாவுக்கு வலியாச்சும் கேட்டுச்சுல்ல, எனக்குக் கேக்காதா? ஆளும் ஆறு கிலோ எளச்சுட்டேன், பாவாடை நிக்க மாட்டேங்குது, இவரு கேலி பண்றாரு. பெரியப்பா? லைன்ல இருக்கீங்களா பெரியப்பா?” இருந்தேன். குவளையைத் தரையில் வைத்தேன். “டாக்டரைப் பார்த்தாயா?” என்றேன். “மூலத்துக்கு என்னத்தப் போயி டாக்டரு. வெக்கமா இருக்கு. பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம். நீங்க நல்லபடியா முடிச்சுட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை நாட்டுக்கோழி அடிச்சு எடுத்துட்டு வர்றேன் பெரியப்பா. குடல் காலியா இருக்குமே!” என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

பொங்கல் கழித்து. தை. மறுபடியும் தை. கழிவறைக்குள் உட்கார்ந்துகொண்டு எதிரே சுவரில் பதித்த ஓட்டில் வழியும் தண்ணீரைப் பார்த்தேன். ஒரே ஒரு சொல். அவளிடம் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்தான், மாற்ற வேண்டியதும் ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல்லை உருவினால் அதோடு எது எது வரும் என்று எனக்குத் தெரியும். உன் அப்பனுக்கு எது என்று அவனிடம் சொல்லவில்லை. வெட்டி எடுத்தால் ஒரு வருடம் என்றார்கள், அந்த வருடத்தை அவனைக் கேட்காமல் நானே வேண்டாம் என்றேன். உனக்காகச் செய்தேன் என்று சொல்லலாம். சொன்னால் அந்த வருடத்தின் விலை அவள் தாலி என்று அவள் தலையில் வைத்ததாகும். சொல்லாமலே டாக்டரிடம் அனுப்பலாமே என்று ஒரு வழக்கறிஞர் எனக்குள் எழுந்து நின்றார். எதற்கும் பார்த்துவிடம்மா என்று பொதுவாகச் சொல்லலாமே. சொல்லலாம். அவள் மூலம் என்று போய் நிற்பாள், அவர்கள் மூலம் என்று பார்த்து மருந்து எழுதுவார்கள். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டால் அவளும் என்னைப் போலவே இடைவெளி விடாமல் இல்லை என்பாள், ஆனால் அவள் பொய் சொல்லமாட்டாள், அதுதான் வித்தியாசம், என் பொய்யை அவள் உண்மையாகச் சொல்வாள். சரி, இன்று என் சோதனை முடியட்டும், நாளை சொல்லலாம். நாளை மறுநாள். ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்துக்கொண்டு வரும்போது சொல்லலாம், கோழியைத் தின்றுவிட்டு. வாய்தா, வாய்தா என்று வான்மதி சொன்னது சரிதான். எத்தனை வழக்குகளில் வாய்தா வாங்கியே வாதி செத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். மூன்று முறை பெயரைக் கூப்பிட்டும் ஆள் வராதபோது என் குரல் தாழ்வாரத்தின் கடைசி வரை போய்த் திரும்பி வரும். மலர்க்கொடி. மலர்க்கொடி. மலர்க்கொடி. வாய்விட்டுச் சொல்லிவிட்டேனோ என்னவோ, “கூப்பிட்டீங்களா மாமா?” என்று வான்மதி கேட்டாள். “இல்லை” என்றேன். என் வாயில் இல்லை என்ற சொல் எவ்வளவு தயாராக இருக்கிறது.

எட்டாம் குவளையை முடித்தபோது மணி பத்தே முக்கால். “வெளியேறும் நீர் எந்த நிறத்தில் உள்ளது, ஐயா? தேநீர் போலவா, ஆரஞ்சுச் சாறு போலவா, அல்லது அடிப்பாகம் தெரியும்படி தெளிந்த மஞ்சளாகவா?” தெளிந்த மஞ்சள் என்றேன். “மிக நன்று. உங்கள் குடல் சோதனைக்கு ஆயத்தமாக உள்ளது” என்றது. இத்தனை சுத்தமாக நான் ஒருபோதும் இருந்ததில்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. பசிகூட இல்லை, வெறும் ஓட்டைக் குழல், அதன் நடுவில் அந்த ஒன்று மட்டும் கழுவிப் போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அது அந்தக் காரியத்தைச் செய்தது. “மருத்துவருக்கு அனுப்பும் முன், நீங்கள் அளித்த விவரங்களைப் படித்துக் காட்டுகிறேன், ஐயா. தவறு இருப்பின் திருத்தலாம்.” எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி முடித்த பின் அவன் சொன்னதை அவனுக்கே படித்துக் காட்டுவார்கள். அடியில் ஒரு வரி எழுதுவார்கள்: படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த வரிக்குக் கீழே கையொப்பமோ கைநாட்டோ விழுந்த பிறகுதான் அது வாக்குமூலம்; அதுவரை வெறும் பேச்சு. அந்த ஒரு நொடியில் முகம் வெளுத்துத் தங்கள் சொல்லைத் தாங்களே மாற்றிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனத்துக்குள் இகழ்ந்திருக்கிறேன். அது படித்தது. பெயர். வயது. சர்க்கரை. மேல் வரிசைப் பல். “இரத்த உறவினருக்குக் குடல் புற்றுநோய்: இல்லை. இவை அனைத்தும் சரியா, ஐயா?” மின்விசிறி சுற்றியது. அடுப்படியில் குக்கர் ஒரு விசில் விட்டது. அது காத்திருந்தது. மனிதன் காத்திருந்தால் இருமுவான், கடிகாரத்தைப் பார்ப்பான், சரி விடுங்கள் என்பான். அது எதுவும் செய்யாமல் காத்திருந்தது. “ஒன்று தவறு” என்றேன்.

“என் தம்பி” என்றேன். “தெரிவித்தமைக்கு நன்றி, ஐயா. நோய் கண்டறியப்பட்டபோது அவருக்கு வயது என்ன?” நாற்பத்தெட்டு. “அவர் இப்போது நலமா?” இல்லை. “வருந்துகிறேன். அவருக்குப் பிள்ளைகள் உண்டா?” இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு மகள், நாற்பத்து மூன்று, இரண்டு மாதமாக இரத்தம், ஆறு கிலோ. எல்லாவற்றையும் சொன்னேன், கேட்டதற்கு மேலும் சொன்னேன், துத்திக் கீரையைக்கூடச் சொன்னேன். அந்த மகள் பொங்கல் வரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும், தந்தையின் நோயைக் கட்டாயம் கூற வேண்டும் என்றது. “அவருக்குத் தந்தையின் நோய் தெரியுமா, ஐயா?” தெரியாது. “அவருக்குத் தெரிவிப்பது உங்களுக்குக் கடினமாக இருக்கலாம். விரும்பினால் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்.” எனக்குக் கடிதம் எழுதித் தருகிறதாம். நீதிமன்ற வாசலில் அரை ஊருக்கு மனு எழுதிக் கொடுத்தவனுக்கு. எழுது பார்க்கலாம் என்றேன், ஏளனமாக. மூச்சு விடும் நேரத்தில் எழுதியது. ‘அன்புள்ள மகளுக்கு, பல ஆண்டுகளாக என் நெஞ்சில் சுமந்துவந்த ஓர் உண்மையை.’ பிழை தேடினேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன், இதே சுமந்துவந்த, இதே ஓர் உண்மை. வாக்கியம் முடியும்போது எழுதியவன் கொஞ்சம் உயர்ந்து நிற்பான், தம்பி பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பான். அதனாலேயே அதை அனுப்ப முடியவில்லை. அழித்தேன். அவள் எண்ணை அழுத்தினேன்.

“என்ன பெரியப்பா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்றாள். நான் ஆயத்தம் செய்து வைத்திருந்த தொடக்கம், ஊர், தகப்பன் பெயர், எல்லாம் எங்கேயோ போயிற்று. “மலரு, ஒங்கப்பனுக்கு மூலம் இல்லம்மா. கேன்சரு” என்றேன். என் வாயில் அந்தப் பேச்சு வந்து எத்தனை வருடம் ஆயிற்றோ. “எனக்கு மட்டுந்தான் சொன்னாங்க. நாந்தான் மறச்சேன். நீ இன்னைக்கே போயிப் பாரு, பொங்கலுக்குப் பொறவு வேணாம்.” எங்கோ அவள் வீட்டில் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம், அது நிரம்பி வழியும் சத்தம். பிறகு, “அப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள். “தெரியாது.” “அம்மாவுக்கு?” “தெரியாது.” “அப்ப அந்தக் கீரை? ரயில்வே லைன் ஓரத்துல முள்ளுக்குள்ள போயி தெனமும் நாந்தான் பறிச்சுட்டு வருவேன். கல்யாணப் பொண்ணு வெயில்ல போகாதேன்னு அம்மா கத்தும். அப்பாவ நாந்தான் பொழைக்க வெச்சுக்கிட்டிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு. ஒரு இலை கறுத்திருந்தாலும் எடுத்துப் போட்டுருவேன், பெரி—” என்று அவள் நிறுத்தினாள். அந்தச் சொல்லை அவள் முடிக்கவில்லை. காலையில் ஒரு மூச்சுக்கு ஒரு முறை சொன்ன சொல். அதன் மிச்சம் வரும் என்று நான் காதை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். “எந்த ஆசுபத்திரின்னு அண்ணிய நம்பர் அனுப்பச் சொல்லுங்க” என்றாள். வைத்துவிட்டாள். கைப்பேசியில் அது மறுபடி தோன்றி, திருத்திய விவரங்களைப் படித்துக் காட்டி, சரியா ஐயா என்றது. சரி என்று அழுத்தினேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு என்னை உள்ளே கொண்டுபோனார்கள். மயக்கம் தெளிந்தபோது தலைமாட்டில் ஒரு பெண் டாக்டர், என் பேத்தி வயது, குனிந்து, “ஐயா, குடல் நல்லாக் கழுவியிருந்தீங்க, எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. பயப்பட ஒண்ணுமில்ல. உங்களுக்கு வெறும் மூலந்தான்” என்றாள். வெறும் மூலம். அந்த இரண்டு சொல்லையும் அதே வரிசையில், அதே அலட்சியத்தில். நான் டாக்டரைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்ற வான்மதியின் முகத்தைப் பார்த்தேன், தாழ்வாரத்தில் அவளிடம் தனியாக ஏதாவது சொல்லியிருப்பார்களா என்று. அவள் சிரித்தாள். அன்று தம்பியிடம் நானும் இப்படித்தான் சிரித்தேன். “நிஜமாகவே மூலம்தானா அம்மா?” என்று கேட்டேன். “சத்தியமா மாமா” என்றாள். காகிதத்தைக் கேட்டு வாங்கினேன், எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தேன், கைப்பேசியை எடுத்து அதனிடமும் கேட்டேன். “ஆம் ஐயா, புற்றுநோய்க்கான அறிகுறி காணப்படவில்லை” என்றது. மூன்று சாட்சிகளும் ஒன்றுபோலச் சொன்னார்கள். மூவரையும் என்னால் நம்ப முடியவில்லை; இன்று வரை முடியவில்லை. நம்புவதற்கான இடத்தை நானே எட்டாகக் கிழித்துச் சன்னலுக்கு வெளியே விட்டுவிட்டேன். திரும்பும் வழியில் ஆட்டோவில் வான்மதி, மலர்க்கொடிக்கு வெள்ளிக்கிழமை காலையில் நேரம் கிடைத்திருப்பதாகவும், அவளுடைய கணவர் உடன் வருவதாகவும் சொன்னாள். நான் வருகிறேனா என்று எவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பற்றி நான் கேட்கவில்லை.

காலஞ்சென்ற மருதமுத்து அவர்களின் இளைய மகன் கோவிந்தராசு இறந்தது மூலத்தால் அன்று, பெருங்குடல் புற்றுநோயால் என்பது அவன் மகளுக்குத் தெரிவிக்கப்பட்டு, படித்துக் காட்டக் கேட்டு, அண்ணனாகிய என்னால் சரியென்று ஒப்புக்கொள்ளப்பட்டது, விசுவாவசு ஆண்டு கார்த்திகைத் திங்கள் இரண்டாம் நாள், இரண்டாயிரத்து இருபத்தைந்து நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினோரு மணி நாற்பது நிமிடத்தில்.